சேம அச்சு

ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் புதுக்கோட்டைச் சீமையின் மண்சாலைகளில் முள் உதிரும். வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேல மரங்களை விறகுக்காகவும் கரிமூட்டத்துக்காகவும் வெட்டிச் சாய்த்து வண்டியேற்றிப் போவார்கள். வண்டி போன தடமெங்கும் முள் கிடக்கும். காய்ந்த முள் பச்சை முள்ளைவிடக் கொடியது, வளைந்து கொடுக்காது. செருப்பின் அடியைத் துளைத்துக் குதிகாலைத் தொட்டுவிடும் அந்த முள்ளுக்கு மிதிவண்டியின் டயர் எம்மாத்திரம்?

குடுமியான்மலைக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர் தொலைவு. காலையில் ஒரே ஒரு பேருந்து உண்டு. அதுவும் பள்ளி மணிக்கு ஒத்துவராத வேளையில் வந்து போகும். அவ்வூர்ப் பெண்ணொருத்தி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு அரசின் விலையில்லா மிதிவண்டியைப் பெற்றாள். ஏழு கிலோமீட்டர் அன்றுமுதல் அவளுக்கு அரைமணி நேரமாகச் சுருங்கியது. மறு ஆண்டு, அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஆடி மாதத்து மாலையொன்றில் பின்சக்கரம் தரையோடு தட்டித் தடுமாறத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தாள். காற்று முழுவதும் போயிருந்தது. நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து, வீட்டு வேப்பமரத்தடியில் வண்டியைச் சாத்தினாள்.

அது அங்கே பதினொரு நாள் நின்றது.

பழுது நீக்கும் கடை, பள்ளி இருக்கும் ஊரில்தான் இருந்தது. வண்டியை அவ்வளவு தொலைவு தள்ளிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை வருவார். தாய்மாமன், "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறேன்த்தா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வளைகாப்புக்குப் போக நேர்ந்தது. முதல் இரண்டு நாள் அவள் தோழியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். இருவரைச் சுமந்து எதிர்காற்றில் மிதித்த தோழி மூன்றாம் நாள் சோர்ந்து போனாள். நான்காம் நாள் நடந்து சென்றவள் முதல் பாடவேளையையும் அதில் நடந்த தேர்வையும் இழந்தாள். ஐந்தாம் நாள் களையெடுக்க ஆள் குறைந்தது. வீட்டில் இருப்பவள்தானே என்று அவளையும் வயலுக்கு அழைத்தார்கள். எட்டாம் நாள் அப்பத்தா வெற்றிலையை இடித்தபடியே சொன்னார்: "சமஞ்ச புள்ள இம்புட்டுத் தொலவு நடந்து போயி என்ன கலெக்டராவா ஆகப்போவுது? பேசாம நிறுத்திப்புடு."

ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோவதற்குப் பெருங்காரணங்கள் தேவைப்படுவதில்லை. வறுமை, திருமணம், நோய் என்று பதிவேட்டில் எழுதப்படும் காரணங்களுக்கு முன்னால், எவரும் எழுதாத சிறு காரணமொன்று இருந்திருக்கும். இரண்டு ரூபாய் ரப்பர் துண்டு கிடைக்காமல் நின்ற வண்டி, அதனால் தவறிய ஒரு தேர்வு, தேர்வு தவறியதால் எழுந்த கூச்சம், கூச்சத்தால் மேலும் இரண்டு நாள் விடுப்பு. இப்படித்தான் அது வளரும். அந்தப் பதினொரு நாளும் மரத்தடியில் நின்றிருந்தது வெறும் இரும்பு என்று அத்தாய்க்குத் தோன்றவில்லை. அதற்குக் காரணம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அவரது சொந்தக் கதை.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத்தருவது என்று இயக்கம் முடிவு செய்தது. எழுதப் படிக்கத் தெரிந்தும் பக்கத்து ஊருக்குத் தானாகப் போக முடியாத பெண்ணுக்கு அந்த எழுத்து எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. விவசாயக் கூலிகள், கல் உடைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் ஓட்டப் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. ஆண்களின் வண்டியையே ஓட்டினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர். இதழாளர் பி. சாய்நாத் இவற்றை நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

அத்தாய்க்கு அன்று பதினேழு வயது. மகளுக்கு இன்று இருக்கும் அதே வயது. மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த வண்டியில், இருட்டியபின் களத்துமேட்டில் பழகினார். முதலில் குரங்குப்பெடல், பிறகு குறுக்குக் கம்பிக்கு மேலே கால் வீசி ஏறுதல், பிறகு இருக்கை. ஊர் சிரித்தது. சில வாரங்களில் சிரிப்பதையும் மறந்துவிட்டது. திருமணத்துக்குப் பின் பழைய வண்டியொன்றை வாங்கி, காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிச் சந்தைக்குப் போய்வந்தார்.

இயக்கம் அவருக்கு ஓட்டக் கற்றுத்தந்தது. கழற்றவும் பூட்டவும் அல்ல. ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் சக்கரம் காற்றிழந்தது. கூடை நிறையக் கத்தரிக்காயோடு வண்டியைத் தள்ளிச் சென்று, சாலையோரக் கடையொன்றில் நிறுத்தினார். கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் வந்த ஆண்களின் வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவரது முறை வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது, சந்தை கலைந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய் வாடியதைவிட, தனக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனதுதான் அவர் நெஞ்சில் நின்றது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் வேறொன்றும் செய்திருந்தார். கடைக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வண்டிகள், ஏழு பஞ்சர்கள். எட்டாவதாகத் தன் வண்டியை அவர் எடுத்தபோது, அடுத்து எந்தக் கருவியைக் கையில் எடுப்பார் என்பது இவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரமே ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி நிறைந்தது. இரு தலையிலும் வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட எலும்பு வடிவ ஸ்பேனர், திருப்புளி, ஒரு சொல்யூஷன், கிழிந்த டியூபிலிருந்து வெட்டிய துண்டுகள், உப்புத்தாள், கைப்பம்பு. பின்னாளில் மருத்துவச் செலவொன்றுக்காக வண்டியை விற்க நேர்ந்தபோதும், பெட்டியை அவர் விற்கவில்லை. அது பரண்மேல் போயிற்று.

பதினொன்றாம் நாள் மாலை, பரணிலிருந்து அந்தப் பெட்டி இறங்கியது. இத்தனை நாள் ஏன் காத்திருந்தார் என்று கேட்கலாம். தாய்மாமன் வருவதாகச் சொல்லியிருந்தார்; ஆண்மகன் ஒருவன் பொறுப்பேற்ற காரியத்தில் கைவைப்பது மரியாதையன்று என்ற எண்ணம், அறிவொளியில் படித்தவரிடமும் மிச்சமிருந்தது. பெட்டியைத் திறந்தபோது சொல்யூஷன் கல்லாக இறுகியிருந்தது. டியூப் துண்டுகள் மடித்தவுடன் வெடித்தன. பம்பின் உள்ளே இருந்த தோல்வளையம் காய்ந்து சுருண்டிருந்தது. அதை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மீட்டார். மற்றவற்றை மறுநாள் மகள் பள்ளியிலிருந்து வரும்போது வாங்கி வந்தாள். வழக்கம்போல் நடந்துதான் வந்தாள்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைப்பிடியும் தரையில் ஊன்றுமாறு நிறுத்தினார்கள். டயரின் ஓரத்தை விளிம்பிலிருந்து நெம்புவதற்குத் திருப்புளியை எடுத்த மகளின் கையைத் தாய் தடுத்தார். கூர்முனை டியூபைக் கிழித்துவிடும். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு ஓட்டையாகும். சமையலறையிலிருந்து இரண்டு கரண்டிகள் வந்தன. அவற்றின் காம்பு மழுங்கல், நெம்புவதற்கு ஏற்றவை. டயரின் ஒருபுறத்தை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவி, காற்றடித்து, அண்டாவிலிருந்த நீரில் சாண் சாணாக அமிழ்த்தினார்கள். ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி எழுந்தது. அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் மெல்லச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷனை ஒட்டுத்துண்டின் அளவைவிடச் சற்று அகலமாகப் பூசினார்கள்.

இங்கே காத்திருக்க வேண்டும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பசை பளபளக்கும்போதே ஒட்டினால் ஒட்டாது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலைக்கு வரவேண்டும். ஐந்து நிமிடம் ஆகலாம். அவசரக்காரருக்கு அது அரைநாள்போல் தோன்றும். பின் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். தாய் அதைச் சரியாகவே செய்தார். ஒட்டிய இடத்தில் முகப்பவுடரைத் தூவி, டியூபை உள்ளே தள்ளி, டயரைக் கைப்பெருவிரலாலேயே விளிம்புக்குள் செருகி, காற்றடித்து நிமிர்த்தினார். சக்கரம் கல்லென நின்றது. வீடே நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்து பார்த்தால் சக்கரம் மீண்டும் தரையில் படிந்திருந்தது.

மகள் அழவில்லை, சீருடையை மாற்றிக்கொண்டு நடக்கத் தயாரானாள். தாய்தான் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுக்கு முன் கண்ட அந்தக் கடைக்காரரின் கைகளை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். டியூபை உருவியதும், அதைத் தண்ணீரில் அமிழ்த்துவதற்கு முன்னால், அவர் ஏதோ செய்தார். பழந்துணியொன்றை எடுத்து டயரின் உட்புறமாக ஒரு சுற்றுச் சுற்றினார். துடைக்கிறார் என்றுதான் அன்று இவர் நினைத்தார். அவர் துடைக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தார்.

டயரை மறுபடி கழற்றினார்கள். துணி ஓரிடத்தில் சிக்கி நின்றது. டயரின் தடித்த ரப்பருக்குள் ஒடிந்து தங்கிய முள்ளின் நுனி, ஓர் அரிசியின் பாதி அளவு, உட்புறமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டு, ஓட்டை போட்டதை உள்ளேயே விட்டு வைத்திருந்தார்கள். ஊசியால் அதை நெம்பி எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார் தாய். "இம்புட்டுக்காணுதானாம்மா?" என்றாள் அவள். அன்று அவள் இரண்டாம் பாடவேளைக்குப் போய்ச் சேர்ந்தாள், வண்டியில் போனாள்.

பஞ்சர் என்று நினைத்துக் கடைக்குத் தள்ளிச் செல்லும் வண்டிகளில் சிலவற்றுக்குப் பஞ்சரே இராது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும. நம் நாட்டுச் சாதாரண மிதிவண்டிகளில் காற்று புகும் வாயின் உள்ளே, சிறு பித்தளைத் தண்டின்மேல் மெல்லிய ரப்பர்க் குழாயொன்று மாட்டியிருக்கும். வால்டியூப் என்பார்கள். பம்பின் அழுத்தத்தில் அது விரிந்து காற்றை உள்ளே விடும். அடிப்பது நின்றதும் தண்டோடு ஒட்டிக்கொண்டு துளையை மூடும். வெயிலில் காய்ந்து அது வெடித்துவிட்டால் காற்று மெல்ல மெல்லக் கசியும். வாயின்மேல் ஒரு சொட்டு எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தால் போதும். குமிழி வந்தால் டயரைத் தொடவே வேண்டாம். விரல்நீள ரப்பர்க் குழாயை மாற்றினால் வேலை முடிந்தது. மகள் தானாகக் கண்டறிந்து சரிசெய்த முதல் பழுது இதுவே.

அதன்பின் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணை பணிமனையாயிற்று. முதலில் சங்கிலி. மிதிவண்டிச் சங்கிலியில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே ஓர் ஊசியின் நடுவில் தொடங்கி அதற்கு அடுத்தவற்றை இருபத்து நான்கு வரை எண்ணினால், புதுச் சங்கிலியில் சரியாக ஓர் அடி வரும். பள்ளிக்கூட அளவுகோலே அளந்து சொல்லிவிடும். அது எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டிருந்தால் சங்கிலி முடிந்தது என்று பொருள். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஊசிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்த இடைவெளியே அந்த நீளம். தேய்ந்த சங்கிலியை மாற்றாமல் ஓட்டினால் அது பற்சக்கரத்தின் பற்களையும் தின்று கூராக்கிவிடும். நூறு ரூபாயில் முடிவது ஐந்நூறில் வந்து நிற்கும்.

எண்ணெய் போடுவதிலும் அப்பத்தாவோடு ஒரு வழக்கு நடந்தது. அடுப்படியிலிருந்த நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார் அவர். பேத்தியின் வண்டிமீது அவருக்கு அப்போது பாசம் வந்துவிட்டிருந்தது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். அதில் புழுதி படிந்தால் சங்கிலிக்குள் உப்புத்தாளை வைத்துச் சுற்றியதற்கு ஒப்பு. மண்ணெண்ணெயில் பழந்துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, காயவிட்டு, தையல் இயந்திர எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டார்கள். பின்னர் வெளியே வழிந்ததையும் துடைத்தார்கள். எண்ணெய் வேண்டியது கண்ணிகளின் உள்ளேதான். மேலே பளபளப்பது புழுதிக்கு விரித்த பாய். சங்கிலி தொய்ந்திருந்தால் பின்அச்சின் இருபுற நட்டுகளையும் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பூட்ட வேண்டும். முழுவதும் இறுக்கிவிடவும் கூடாது. நடுவில் விரலால் தூக்கினால் ஏறத்தாழ அரை அங்குலம் ஆட வேண்டும்.

ஆனால் மிதிவண்டியின் உண்மையான வியப்பு சக்கரத்தில் இருக்கிறது. கடைக்காரர்கள் கோட்டம் எடுப்பது என்று சொல்லும் வேலையைச் செய்து பார்த்தவர்க்கே அது புலப்படும். பழைய வழக்கப்படி முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருக்கும். தனியாக எடுத்தால் ஒரு குழந்தை வளைத்துவிடக்கூடிய கம்பிகள். அவைதாம் ஓர் ஆளையும் ஒரு மூட்டை நெல்லையும் தாங்குகின்றன. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் தூண்போல் நின்று தாங்கும். மிதிவண்டியின் கம்பிகளோ விளிம்பை எல்லாத் திசையிலிருந்தும் நடுவை நோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் முறுக்கேறிய வீணைத் தந்தி. விரலால் சுண்டினால் ஒலிக்கவும் செய்யும். தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டையின் அருகே ஒரு சுண்ணக்கட்டியைப் பிடித்தாள் மகள். விளிம்பு எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வெள்ளைக் கீறல் விழுந்தது. வலப்புறம் ஒதுங்கினால் அவ்விடத்தில் இடப்புறக் கம்பியை இறுக்க வேண்டும், வலப்புறக் கம்பியைச் சற்றே தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அவள் முதல்நாள் ஆர்வத்தில் முழுச் சுற்றுகளாகத் திருகினாள். ஓரிடத்தில் இருந்த கோட்டம் மூன்று இடத்துக்குப் பரவியது. ஒரு கம்பியைத் தொட்டால் நாற்பதும் அதை உணரும் என்பதை எந்த இயற்பியல் பாடமும் அவளுக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அன்று அவர்களால் நேராக்க முடியவில்லை. சக்கரத்தைக் கழற்றி மறுநாள் கடைக்கு எடுத்துப் போனார்கள். சந்தைச் சாலையின் அந்தப் பழைய கடைக்காரர் இப்போது இல்லை. வேறொரு முதியவர் இருந்தார். சுண்ணக் கீறல்களைப் பார்த்து, "யாரு கோட்டம் எடுத்தது?" என்று கேட்டார். மகள் தலைகுனிந்து "நாந்தான் தாத்தா" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு முக்காலியை நகர்த்திப்போட்டு, "உக்காரு, பாரு" என்றார்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட முடியும் என்று எண்ணுவது பேதைமை. மிதிகட்டையின் அச்சில் அறைந்து ஏற்றிய ஆப்பைக் கழற்ற அனுபவம் வேண்டும். தவறி அடித்தால் வளைந்துவிடும். சட்டகத்தில் விரிசல் கண்டால் பற்றவைப்பவரிடம்தான் போக வேண்டும். சக்கரத்தின் நடுக்குடத்தைப் பிரிக்கலாம். ஆனால் பிரிப்பவர்க்கு எண்ணிக்கை நினைவிருக்க வேண்டும்: வழக்கமான வண்டிகளில் முன்குடத்தில் பக்கத்துக்குப் பத்துச் சிறு குண்டுகள், பின்குடத்தில் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டுகள். கீழே விரிப்பில்லாமல் பிரித்துவிட்டு, உருண்டோடிய ஒற்றைக் குண்டைத் திண்ணைக்கடியில் டார்ச் அடித்துத் தேடாத வீட்டுப் பணிமனை எதுவும் இராது. இடப்புற மிதிகட்டையின் மரையோ தலைகீழ். உலகமே இறுக்கத் திருப்பும் திசையில் அதைத் திருப்பினால் அது கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று போகாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தெரியாதவர் இருமடங்கு பலத்தோடு இறுக்கிவிட்டு, துரு என்று பழி சொல்வார்.

இவ்வளவு வெளிப்படையான பொறி இன்று வீடுகளில் வேறொன்று இல்லை. கைப்பேசி பழுதானால் அதன் உள்ளே என்ன நேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. மிதிவண்டி எதையும் மறைப்பதில்லை. விசை எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். அதைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் பெரிய காரியங்களுக்குப் போனதும் உண்டு. ரைட் சகோதரர்கள் 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்து, விற்கவும் பழுதுபார்க்கவும் செய்தார்கள். 1903இல் அவர்கள் பறக்கவிட்ட வானூர்தியில், பொறியின் விசையைச் சுழல்விசிறிகளுக்குக் கொண்டு சென்றவை சங்கிலியும் பற்சக்கரமுமே. காற்றடைத்த டயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டன்லப்பும் பொறியாளர் அல்லர். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர வண்டி கல்தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்று வீட்டில் முயன்று பார்த்தவர், 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பெரும்பாலும் கெட்டி ரப்பரில் ஓடிய சக்கரத்துக்கு முள்ளைப் பற்றிய அச்சம் இருந்ததில்லை.

பயணத்துக்குப் புறப்படுகையில் பழுதையும் எண்ணிப் புறப்படுவது தமிழருக்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழிகளில் பாரவண்டி ஓட்டிச் சென்றவர்கள். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், புறநானூற்றில் அவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். வேந்தன் மகனுக்கு உவமையாக மலையையோ களிற்றையோ தேடாமல், வண்டிக்கடியில் புழுதி படிந்து தொங்கும் ஒரு மரத்துண்டை அவர் எடுத்தார். நடுவழியில் வண்டி நின்று தவித்தவர்களை அறிந்தவர்க்கே அந்த உவமை தோன்றும்.

இருபது ஆண்டுகளாக நம் பள்ளி வாசல்களில் மிதிவண்டிகள் வரிசை வரிசையாக வந்து இறங்குகின்றன. 2001ஆம் ஆண்டுக்குப் பின் தமிழகத்தில் வளர்ந்த நல்ல காரியங்களுள் அது ஒன்று. அவற்றோடு ஒரு பம்பும் ஸ்பேனரும் இரண்டு பாடவேளைப் பயிற்சியும் சேர்ந்தே இறங்கியிருக்கலாம். வண்டி நிறுத்தும் கொட்டகைகளின் ஓரத்தில், காற்றில்லாத சக்கரத்தோடு மாதக்கணக்கில் சாய்ந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது அவ்வாறு தோன்றும். ஒவ்வொன்றின் பின்னாலும் நடந்து போகும் ஒரு பிள்ளை இருக்கிறது; அல்லது நடப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை.

அந்த ஆண்டின் ஆவணிக்குள், மகளின் வண்டி இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு துணிப்பை தொங்கத் தொடங்கியது. பழைய பாவாடைத் துணியில் தாய் தைத்தது. உள்ளே ஒட்டுத்துண்டுகள், சொல்யூஷன், வால்டியூப், ஸ்பேனர், மழுங்கிய இரண்டு கரண்டிக் காம்புகள். மதிய இடைவேளையில் வேறு வகுப்பு மாணவிகளும் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவளிடம் ஒட்டிக்கொடுப்பதற்கு முன் அவள் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "முள்ளை எடுத்தியா?"

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூசைக்கு முன்னதாக வண்டியை முழுவதும் பிரித்துத் துடைத்துப் பூட்டியிருந்தார்கள். கோட்டத்தை இம்முறை மகளே எடுத்திருந்தாள். சுண்ணக்கட்டியில் எங்கும் கீறல் விழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அவள் உள்ளே போனபோது, தாய் வண்டியை வாசலுக்கு உருட்டி வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "எங்கம்மா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பிரேக்கு பிடிக்குதான்னு ஒரு எட்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்."

வீட்டு முனையிலேயே பிரேக்கு பிடித்தது. அவர் திரும்பவில்லை. கண்மாய்க் கரை வழியே ஏறி, மறுகரை ஆலமரத்தைத் தாண்டி, சந்தைச் சாலையின் திருப்பம் வரைக்கும் போனார். அப்பத்தா விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது, இருட்டிய கரைமேல் மணி ஒலிப்பது மட்டும் கேட்டது.